கோடை வந்தா கூட்டமா மலைக்குக் கிளம்பும் பிரிட்டன்காரர்கள்... 'ராம்ப்ளிங் கிளப்' என்றால் என்ன? 636 மீட்டர் மலைக்கு எதுக்கு இவ்வளவு முன்னெச்சரிக்கை?

மான்செஸ்டரில் இருந்து ஞாயிற்றுக்கிழமை காலை ஷெஃபீல்டு பக்கம் போகும் ரயிலில் ஏறினால், முக்கால் மணி நேரத்தில் ஈடேல் என்ற சின்ன ஸ்டேஷன் வரும். ஜூன், ஜூலை மாதங்களில் அந்த ஸ்டேஷனில் பாதி ரயில் காலியாகிவிடும். முதுகில் பை, காலில் கனமான பூட்ஸ், கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வரைபடம். இருபது வயதுக்காரரும் இருப்பார், எழுபதைத் தாண்டியவரும் இருப்பார். வாசலில் ஒருவர் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

இவர்கள் டூர் கம்பெனி மூலம் வந்தவர்கள் இல்லை. உள்ளூர் 'ராம்ப்ளிங் கிளப்' உறுப்பினர்கள். படிப்புக்கும் வேலைக்கும் இங்கிலாந்து போன நம்ம ஊர்க்காரர்கள் பலருக்கும், அங்கே வெயில் வந்த முதல் வாரமே ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்கும் கேள்வி, "ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வர்றீங்களா?" என்பதுதான். சரின்னு சொல்றதுக்கு முன்னாடி இது என்ன, எப்படி நடக்குது, எதுல கவனமா இருக்கணும்னு விரிவாகப் பார்க்கலாம்.

ராம்ப்ளிங்னா டிரெக்கிங்கா?

கிட்டத்தட்ட. ஆனா அதே இல்லை. கயிறு கட்டி ஏறுவது, கூடாரம் போட்டுத் தங்குவது எல்லாம் இதில் கிடையாது. காலையில் கிளம்பி, மலை மீதும் வயல் ஓரத்திலும் பொதுப் பாதைகளில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடந்து, சாயங்காலம் வீடு திரும்புவது. அவ்வளவுதான்.

பிரிட்டனில் இதற்கான பெரிய அமைப்பின் பெயரே 'ராம்ப்ளர்ஸ்'. 1935-ல் தொடங்கப்பட்டது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் முழுக்க சுமார் 500 உள்ளூர் குழுக்கள் இதன் கீழ் இருக்கின்றன. இதில் சேராத தனி கிளப்புகளும் ஊருக்கு ஊர் உண்டு. நடைகளை நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பக்கத்துத் தெரு ரிட்டையர்டு வாத்தியாரோ, வங்கி ஊழியரோதான் அன்றைய 'லீடர்'.

இந்த கிளப்புகளுக்கு வயது நூறுக்கு மேல். ஷெஃபீல்டில் ஜி.எச்.பி. வார்டு என்பவர் 1900-ல் தொடங்கிய கிளாரியன் ராம்ப்ளர்ஸ் தொழிலாளர்களுக்கான கிளப். ஆறு நாளும் இரும்பு ஆலைப் புகைக்குள் நின்றவர்களுக்கு ஏழாவது நாள் கொஞ்சம் காற்று வேண்டியிருந்தது. எட்டிப்பார்த்தால் மலை தெரியும், ஆனால் அதன் மேல் கால் வைக்க அனுமதி இல்லை.

மலைக்குப் போனதுக்கு ஜெயிலா?

ஆமாம். இந்தக் கதை தெரிந்தால்தான், அவர்கள் ஏன் இந்த நடையை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது புரியும்.

ஈடேலுக்கு மேலே நிற்கும் மலையின் பெயர் கிண்டர் ஸ்கவுட். அந்தக் காலத்தில் அது பெரும் நிலச்சுவான்தார்களின் வேட்டைக்காடு. கிரௌஸ் என்ற காட்டுக்கோழியை வருடத்தில் சில நாட்கள் மட்டும் சுடுவார்கள். அந்தச் சில நாட்களுக்காக வருடம் முழுக்க மக்களை உள்ளே விடுவதில்லை. காவலுக்குத் தடியோடு ஆட்கள்.

1932 ஏப்ரல் 24. பென்னி ராத்மன் என்ற 20 வயது மான்செஸ்டர் இளைஞர் முன்னால் போக, சுமார் 400 பேர் ஹேஃபீல்டு கிராமத்தில் இருந்து கிளம்பி, தடையை மீறி மேலே ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு. இறங்கி வந்ததும் கைது. சும்மா அடுத்தவர் நிலத்தில் நடப்பது அன்றைய சட்டப்படி சிறைக்கு அனுப்பும் குற்றமே இல்லை. அதனால் கலவரம், தாக்குதல் என்று வேறு வழக்குகளைப் போட்டார்கள். ஐந்து பேருக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை. ராத்மனுக்கு 4 மாதம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. இன்று எல்லா கிளப்புகளும் பெருமையாகச் சொல்லும் இந்தப் போராட்டத்தை, அன்றைய ராம்ப்ளர் கூட்டமைப்புகளே எதிர்த்தன. பேச்சுவார்த்தை கெட்டுவிடும் என்பது அவர்கள் கவலை. ஆனால் நடந்து போனதற்காக இளைஞர்கள் ஜெயிலுக்குப் போன செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. கொடுத்த தண்டனைதான் கோரிக்கைக்கு ஆள் சேர்த்தது.

அதன் பிறகும் காரியம் மெதுவாகத்தான் நகர்ந்தது. தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் 1949-ல் வந்தது. கிண்டர் ஸ்கவுட் இருக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட் 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. மலை, மேட்டுவெளி, பொதுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற உரிமை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. அதுவும் இங்கிலாந்தின் நிலப்பரப்பில் சுமார் 8 சதவீதத்துக்குத்தான் பொருந்தும். அன்று ராத்மன் குழுவை விரட்டிய நிலச்சுவான்தாரின் பேரனான டெவன்ஷையர் டியூக், 2002-ல் அந்தப் போராட்டத்தின் 70-வது ஆண்டு நிகழ்ச்சிக்கு வந்து மன்னிப்பு கேட்டார். ராத்மன் அதைப் பார்க்கவில்லை. அதே வருடம் ஜனவரியில் இறந்துவிட்டார்.

குழுவாகப் போறதுன்னா என்ன அர்த்தம்?

இங்கேதான் நம்ம ஆட்கள் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இருபது பேர் ஒரே மலையில் ஒரே நாளில் நடந்தால் அது குழு இல்லை, வெறும் கூட்டம். குழுவாக ஆக்குவது சில பழக்கங்கள்.

முதலாவது, லீடர் அந்தப் பாதையை முன்கூட்டியே ஒருமுறை நடந்து பார்த்திருப்பார். எந்தப் பாலம் உடைந்திருக்கு, எந்த வயலில் மாடு கட்டாமல் நிற்குது, மதியச் சாப்பாட்டுக்குக் காற்று படாத இடம் எது, கழிப்பறை எங்கே, அவசரம்னா பாதியில் இறங்க எந்த வழி... இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரைபடத்தில் பார்த்து மட்டும் ஆள் கூட்டிக்கொண்டு போகும் லீடரை நல்ல கிளப் வைத்துக்கொள்ளாது.

இரண்டாவது, வரிசையின் கடைசியில் ஒருவர். 'பேக்மார்க்கர்' என்பார்கள். அவருக்குப் பின்னால் குழுவில் யாரும் இருக்கக் கூடாது. யாராவது ஷூ லேஸ் கட்ட நின்றாலும், புதருக்குப் பின்னால் ஒதுங்கினாலும், அவர் காத்திருப்பார். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்தால் கடைசி ஆள் தெரிய வேண்டும். தெரியவில்லையா, நிற்க வேண்டும். பாதை பிரியும் இடத்தில் கண்டிப்பாக எல்லாரும் வந்து சேரும்வரை நிற்க வேண்டும்.

கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். ஆனால் குழுவில் போய் ஒருவர் தொலைந்தார் என்றால், பெரும்பாலும் இந்த ஒரு விஷயம்தான் விட்டுப்போயிருக்கும். "முன்னாடி போனவங்களோட இருப்பார்னு நெனச்சோம்", "பின்னாடி வர்றவங்களோட இருப்பார்னு நெனச்சோம்." தனியாகப் போகிறவர் குறைந்தபட்சம் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறார். குழுவில் எல்லாரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். அதனாலதான் புறப்படும்போது ஒரு எண்ணிக்கை, சாப்பாடு முடிந்ததும் ஒரு எண்ணிக்கை, மூடுபனி வந்தால் உடனே ஒரு எண்ணிக்கை.

வேகத்தை முடிவு செய்வது முன்னால் போகும் ஆள் இல்லை, கடைசியில் நடப்பவர். மெதுவாக நடப்பவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்த அந்த நொடியே மற்றவர்கள் எழுந்து கிளம்பிவிடுவது கிளப்புகளில் பழைய குறை. ஓய்வு தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. நல்ல லீடர் அவர் வந்து தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் எழுவார்.

இன்னொன்று. நடுவில் கிளம்பிப் போக வேண்டும் என்றால் லீடரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் ரயில் பிடித்து வீட்டுக்குப் போய் டீ குடித்துக்கொண்டிருக்கும் ஆளை, மலையில் மற்றவர்கள் பதறிப்போய்த் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்?

இதற்கு 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கை இன்றும் பயன்படுத்துகிறார்கள். சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 15 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் நான்கு மணி நேரம்.

ஆனால் நெய்ஸ்மித் கணக்கில் சாப்பாடு, போட்டோ, வேலியைத் தாண்ட இருபது பேர் ஒருவர் பின் ஒருவராக ஏணிப்படி ஏறும் நேரம் எல்லாம் கிடையாது. குழுவாகப் போனால் அதே நடைக்கு ஐந்தரை, ஆறு மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது.

கோடைதானே, என்ன ஆபத்து?

நம்ம ஊர் கணக்கில் இந்த மலைகள் உயரமே இல்லை. கிண்டர் ஸ்கவுட் 636 மீட்டர். பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஊட்டி, கொடைக்கானல் பார்த்தவருக்கு இதெல்லாம் மேடு மாதிரிதான் தெரியும். அந்த நினைப்புதான் சிக்கல்.

மேலே மரமே கிடையாது. அட்லாண்டிக் கடலில் இருந்து வரும் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. உயரம் கூடக்கூட வெப்பமும் குறையும், 1,000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி. ஸ்டேஷனில் 18 டிகிரியில் டி-ஷர்ட்டோடு கிளம்பியவர், உச்சியில் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும்போது ஜூலை மாதத்திலும் நடுங்கிப்போவார். ஜீன்ஸ் பேன்ட் நனைந்தால் காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க உறைபனி தேவையில்லை, ஈரமும் காற்றும் போதும்.

அதோடு கிண்டரின் தலை கூம்பு இல்லை, பரந்த மேட்டுவெளி. கறுப்புச் சேறும் அதில் தண்ணீர் அறுத்த ஆளுயரப் பள்ளங்களுமாக எல்லாத் திசையும் ஒரே மாதிரி இருக்கும். மேகம் இறங்கிவிட்டால் காம்பஸ் இல்லாமல் நேராக நடப்பதே கஷ்டம். 1964 மார்ச்சில் இந்தப் பகுதியில் நடந்த 'ஃபோர் இன்ஸ்' என்ற நீண்ட நடைப் போட்டியில் மோசமான வானிலையில் சிக்கி மூன்று சாரணர் இளைஞர்கள் இறந்தார்கள். பீக் டிஸ்ட்ரிக்டில் மீட்புக் குழுக்களை ஒருங்கிணைக்கும் அமைப்பு அந்த வருடம்தான் உருவானது.

கோடையில் கிடைக்கும் பெரிய சலுகை வெளிச்சம். ஜூன் கடைசியில் மான்செஸ்டரில் சூரியன் மறைய இரவு 9.40 ஆகும். வழி தவறினாலும் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். ஆனால் "இன்னும் வெளிச்சம் இருக்கே" என்று நடையை நீட்டிக்கொண்டே போவதும் இதே கோடையில்தான்.

வெயிலும் இப்போது பழைய மாதிரி இல்லை. 2022 ஜூலை 19-ல் லிங்கன்ஷையரில் உள்ள கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டன் வரலாற்றில் 40-ஐத் தாண்டியது அதுவே முதல்முறை. நிழலே இல்லாத மேட்டுவெளியில் அப்படிப்பட்ட நாளில் நடை வைக்கக் கூடாது. பாதையைச் சுருக்குவது, விடியற்காலையில் தொடங்குவது, இல்லையென்றால் ரத்து செய்வது... மூன்றையும் செய்யத் தயங்காதவர்தான் நல்ல லீடர். "சென்னைக்காரன்டா, எனக்கு வெயில் புதுசா?" என்று கேட்பவருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

மலையில் தீ பிடித்தால்?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போன குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. காய்ந்த புல், சரிவில் மேல்நோக்கி ஓடும் நெருப்பு, இறங்க வழி தெரியாத பதற்றம். 23 உயிர்கள் போயின. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன.

அதே வருடம் ஜூன் மாதத்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சேடில்வொர்த் மேட்டுவெளி பற்றி எரிந்தது. வீடுகளில் இருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அணைக்க ராணுவ வீரர்கள் வரவேண்டியிருந்தது. காரணம் அந்த மண். பீட் எனப்படும் இது, செத்த பாசியும் செடியும் ஆயிரக்கணக்கான வருடங்களாக முழுசாக மக்காமல் சேர்ந்த கறுப்பு மண். ஈரமாக இருந்தால் பஞ்சு, காய்ந்தால் விறகு. மேலே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். வாரக்கணக்கில்.

அதனால் வறண்ட வாரங்களில் நடக்கும் உரிமையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க அங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது. கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது லீடரின் வேலை. சிகரெட், அடுப்பு, கடையில் விற்கும் யூஸ் அண்ட் த்ரோ பார்பிக்யூ தட்டு எதுவும் மேலே போகக் கூடாது.

இரண்டு நாட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கிலாந்தில் குறிக்கப்பட்ட நிலத்தில் நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், எச்சரிக்கை உங்கள் பொறுப்பு. தமிழ்நாட்டில் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். யானையும் கரடியும் நடமாடும் காட்டுக்கு அதுதான் சரியும் கூட. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் ஆன்லைன் முன்பதிவோடு திறக்கப்பட்டன. உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள்.

சரி, சேருவது எப்படி?

பிரிட்டனில் இருப்பவர்கள் தங்கள் ஊர்க் குழுவின் நடைப் பட்டியலைப் பார்த்தாலே போதும். உறுப்பினர் ஆவதற்கு முன் சில நடைகளில் இலவசமாகச் சேர்ந்து பார்க்க ராம்ப்ளர்ஸ் குழுக்கள் அனுமதிக்கின்றன. ஒவ்வொரு நடைக்கும் ஒரு தரம் போட்டிருப்பார்கள். 'ஈஸி', 'லெஷர்லி', 'மாடரேட்', 'ஸ்ட்ரெனுவஸ்' என்று போகும். முதல்முறை போகிறவர் 'லெஷர்லி'யில் தொடங்குவது நல்லது. மாடரேட் என்பது சும்மா நடுத்தரம் இல்லை, அவர்கள் மாடரேட் நம்மில் பலருக்கு இரண்டு நாள் கால்வலி.

பையில் மழைக்கோட்டு கட்டாயம், வானம் நீலமாக இருந்தாலும். ஒரு கம்பளிச் சட்டை, தண்ணீர், சாப்பாடு, சார்ஜ் நிறைந்த போன், ஒரு விசில். எல்லாரும் சாண்ட்விச் பிரிக்கும்போது நீங்கள் எலுமிச்சைச் சாதம் பிரித்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, பங்கு வேணும்னா கேட்பாங்க. பழகிய பூட்ஸ்தான் போட வேண்டும். புது பூட்ஸோடு 15 கிலோமீட்டர் வந்தால் பாதியிலேயே குதிகால் கொப்பளித்து, மொத்தக் குழுவும் உங்களுக்காக நிற்கும். போதிய உடை, காலணி இல்லாமல் வருபவரை "இன்னொரு நாள் வாங்க" என்று லீடர் திருப்பி அனுப்பலாம். அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வழியில் கேட் மூடியிருந்தால் தாண்டியதும் மூட வேண்டும், திறந்திருந்தால் அப்படியே விட வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவுக்கு நடுவே போகக் கூடாது, அங்கே மாடு மிதித்து இறந்தவர்கள் உண்டு. நாய் கூட்டிப் போனால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, மேட்டுவெளியில் 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும்.

யாராவது விழுந்து அடிபட்டால் 999 அழைத்து, முதலில் போலீஸ் என்றும் பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ என்றும் கேட்க வேண்டும். வருபவர்களும் தன்னார்வலர்களே, கட்டணம் கிடையாது. போனில் பேச சிக்னல் இல்லாத இடத்தில் எஸ்எம்எஸ் போக வாய்ப்பு உண்டு. அதற்கு முன்கூட்டியே 999-க்கு 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

நடை முடிந்து, கடைசி எண்ணிக்கையும் சரியாக இருந்து, பாதிப் பேர் பப்புக்கும் பாதிப் பேர் ரயிலுக்கும் பிரிந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கு. கோடையில் பெரணிச் செடிகளுக்குள் நடந்தால் உண்ணி ஏறியிருக்கும், கசகசா அளவுக்குத்தான் இருக்கும். குளிக்கும்போது முழங்கால் பின்பக்கம், இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். இருந்தால் நசுக்காமல், நெருப்பு வைக்காமல், முனை கூர்மையான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினாலோ, காய்ச்சல் மாதிரி இருந்தாலோ டாக்டரிடம் போய், மலைக்குப் போன தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் எடுத்தால் குணமாகிவிடும்.